இடர் கடந்தவர்களை ஆசிரியர்கள் முன் பேச அழைத்தல்: மலையகப் பாடசாலைகளிலிருந்து அடிக்கடி எழும் கேள்விகள்

வாழ்க்கையில் பெரும் இடர்களைக் கடந்து வந்த ஒருவரை அழைத்து ஆசிரியர்கள் முன் பேச வைக்க விரும்பும் அதிபர்களும் ஆசிரியர்களும், இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதிகளான நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் இத்தகைய சந்திப்புகளை ஒழுங்கு செய்ய உதவிவரும் என்னிடம் ஏறத்தாழ ஒரே ஐயங்களையே எழுப்புகின்றனர். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, என்னால் இயன்ற தெளிவோடு இங்கே விடை எழுதியிருக்கிறேன். முதலில் அடிப்படையானவை, சிக்கலானவை பின்னால் வருகின்றன.

ஊக்கம் தேவைப்படுவது பிள்ளைகளுக்குத்தானே? ஆசிரியர்களுக்கு எதற்கு இந்தப் பேச்சு?

பிள்ளைகள் முன்னும் பேசலாம். அதன் நோக்கம் வேறு. ஆசிரியர்கள் முன் பேசுபவர், ஒரு பிள்ளை பாடசாலையை விட்டு நழுவிப் போகும் காலம் அந்தப் பிள்ளையின் மனத்துக்குள் எப்படி இருக்கும் என்பதையும், அந்நேரத்தில் பெரியவர் ஒருவர் செய்த எந்தச் செயல் தன்னை நிறுத்தி வைத்தது என்பதையும் எடுத்துரைக்கிறார். கொழும்பில் கடை வேலைக்குப் போவதற்கு முந்திய வாரம் ஒரு மாணவன் வகுப்பின் கடைசி வாங்கில் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பது வரவு இடாப்பில் பதிவாவதில்லை. அந்த வழியே போய் மீண்டவர்தான் அதைச் சொல்ல முடியும்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அது கரும்புத் தோட்டங்கள் நிறைந்த தீவு. அந்தப் பிள்ளைகளில் பலர் தோட்டத் தொழிலாளர் வழிவந்தவர்கள். வறுமை, பிறப்பின்போதான சிக்கல்கள், குடும்பப் பூசல் போன்ற பல இடர்கள் ஒருசேர அமைந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் தன்னம்பிக்கையும் பிறர்மேல் பரிவும் உள்ளவர்களாக வளர்ந்தனர். அவர்களிடம் மீண்டும் மீண்டும் தென்பட்ட அம்சங்களுள் ஒன்று, தம்மீது அக்கறை கொண்ட பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வெளியே அவர்களுக்குக் கிடைத்திருந்தது. பல வேளைகளில் அந்தப் பெரியவர் ஓர் ஆசிரியராக இருந்தார்.

பேச வருபவர் பெரிய பதவியில் இருப்பவராக இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) பிறந்து மருத்துவராகவோ சட்டத்தரணியாகவோ ஆனவரின் கதைக்கு மதிப்பு உண்டு. ஆயினும் அந்தக் கதைகளை மட்டுமே கேட்கும் ஆசிரியர், பரீட்சையில் உயர்ந்த பெறுபேறு எடுக்கும் பிள்ளையிடம் மட்டும் நம்பிக்கை வைக்கப் பழகிவிடக் கூடும். சாதாரண தரப் பரீட்சையில் (தரம் 11இன் முடிவில் எழுதுவது) தவறி, இரண்டாம் முறை எழுதித் தேறி, இன்று தையல் நிலையம் நடத்தும் பெண்ணும், மதுவுக்கு அடிமையான தகப்பனுக்கும் பாடசாலைக்கும் இடையில் தம்பி தங்கைகளை வளர்த்துவிட்ட அண்ணனும், செவிப்புலன் குறைவோடு படித்து முன்பள்ளி ஆசிரியையானவரும் சொல்லக்கூடியவற்றை மருத்துவரால் சொல்ல முடியாது.

கொழுந்து பறிக்கும் தாய் ஒருவரையும் தயங்காமல் அழையுங்கள். மூன்று பிள்ளைகளை உயர்தரம் வரை படிக்க வைத்தவர், பாடசாலையின் வாசலில் தனக்குக் கிடைத்த மரியாதையையும் மரியாதைக் குறைவையும் பற்றிப் பேசும்போது ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் பாடம் வேறெந்தக் கருத்தரங்கிலும் கிடைப்பதில்லை என்பதே என் உறுதியான கருத்து.

எங்கள் பக்கம் அப்படிப்பட்டவர்களை எங்கே தேடுவது?

முதலில் உங்கள் ஆசிரியர் அறையிலேயே தேடுங்கள். ஆசிரிய உதவியாளர்களாக மாதம் 6,000 ரூபாய்க் கொடுப்பனவில் வேலை தொடங்கி, கொட்டகலை ஆசிரிய கலாசாலையிலும் பிற கலாசாலைகளிலும் பயிற்சி முடித்து நிரந்தர நியமனம் பெற்றவர்கள் தோட்டப் பாடசாலைகளில் பலர் இருக்கின்றனர். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரியில் படித்து வெளியேறியவர்களிடமும் சொல்வதற்கு நிறைய உண்டு. பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுக்கள், தோட்ட வைத்திய நிலையங்களில் பணியாற்றுவோர், பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையம்) பொறுப்பாளர்கள், கோயில் பரிபாலன சபையினர் ஆகியோரிடம் விசாரித்தால் அடுத்த தோட்டத்திலிருந்தே ஒருவர் கிடைப்பார். கொழும்பிலிருந்து ஒருவரைத் தருவிப்பதைவிட அது நல்லது, ஏனெனில் அவர் பேசும் பாதையும் பஸ்ஸும் மழையும் கேட்பவர்களுக்குத் தெரிந்தவை.

என்ன பேச வேண்டும் என்று நாம் சொல்லிக் கொடுக்கலாமா? அது மரியாதைக் குறைவாக இருக்காதா?

என்ன சொல்வது என்று எழுதிக் கொடுப்பது மரியாதைக் குறைவு. யார் முன் பேசுகிறார், எதற்காக அழைக்கிறோம் என்று விளக்காமல் மேடையில் ஏற்றுவதோ அவருக்குச் செய்யும் அநீதி. ஒரு வாரத்துக்கு முன்பாவது நேரில் சந்தித்தோ தொலைபேசியிலோ நிதானமாகப் பேசுங்கள். நான் வழக்கமாகக் கேட்பது இதுதான்: பாடசாலையை விட்டுவிடலாம் என்று நினைத்த காலம் எது, அந்த நேரத்தில் ஆசிரியர்கள் எதைக் கவனித்தார்கள், எதைக் கவனிக்கவில்லை, எவருடைய எந்தச் செயல் உதவியது? கஷ்டங்களின் பட்டியலைவிட இந்த இடத்தில்தான் பேச்சின் உயிர் இருக்கிறது. பெரும்பாலானோர் கஷ்டத்தைச் சொல்லியவுடன் நேரே வெற்றிக்குத் தாவிவிடுகின்றனர். இடையில் நடந்ததை விரிவாகக் கேட்டு வாங்குவது ஒழுங்கு செய்பவரின் பொறுப்பு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க முடியாமல், சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது தவித்துப்போகும் பிள்ளைகள் தோட்டப் பகுதிகளில் உண்டு. அந்நிலையிலிருந்து வந்தவர், "நான் கஷ்டப்பட்டுப் படித்தேன்" என்று மட்டும் சொன்னால் ஆசிரியர்களுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. தரம் 9இலேயே வகுப்பாசிரியை ஆவணங்களைச் சரிபார்த்தார் என்றும், அம்மாவுக்குத் துணையாகக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் வந்தார் என்றும், விண்ணப்பப் படிவத்தை அம்மாவின் முன் வாசித்துக் காட்டி நிரப்பினார் என்றும் சொன்னால், கேட்டுக்கொண்டிருக்கும் தரம் 9 ஆசிரியர் மறுநாளே செய்யத்தக்க ஒரு வேலை அங்கே கிடைத்துவிடுகிறது.

எவ்வளவு நேரம் வைக்கலாம்? எப்போது வைப்பது?

பேச்சு 25 நிமிடம், கலந்துரையாடல் அதற்குச் சற்றுக் கூடுதலாக. பாடசாலை 1.30க்கு முடிந்தபின் வைத்தால் ஆசிரியர்களின் மனம் பஸ்ஸில் இருக்கும். அட்டனிலிருந்தோ நாவலப்பிட்டியிலிருந்தோ தினமும் வந்துபோகிறவர்கள் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் வீடு சேர இருட்டிவிடும். ஆகவே வேலை நேரத்துக்குள்ளேயே, தவணையின் முதல் வாரத்திலோ ஆசிரியர் செயலமர்வு நாளிலோ வையுங்கள். ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினத்தில் வைக்கும் வழக்கமும் உண்டு என்றாலும், அன்று கலை நிகழ்ச்சிகளுக்கும் பரிசளிப்புக்கும் நடுவில் இப்படிப்பட்ட பேச்சு அடிபட்டுப் போகிறது.

அனுமதி பெற வேண்டுமா?

அதிபரின் எழுத்து மூலமான அனுமதியோடு நடத்துங்கள். வெளியாள் ஒருவர் வேலை நேரத்தில் வருவதால் வலயக் கல்விப் பணிமனைக்கும் முன்கூட்டியே அறிவியுங்கள். பல பாடசாலைகள் சேர்ந்து நடத்துவதாயின் கோட்டக் கல்விப் பணிப்பாளரையும் சேவைக்கால ஆசிரிய ஆலோசகர்களையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்வது நல்லது.

அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா? சமூக சேவையாகத்தானே வருகிறார்கள்?

கொடுக்க வேண்டும். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் ஒரு தாய் வேலை நாளில் உங்கள் பாடசாலைக்கு வந்தால் அன்றைய பேர் (நாள் வேலைக்கான பதிவு) அவருக்கு விழாது. அந்த நாட்சம்பளத்தை ஈடு செய்யாமல் பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்புவது சரியல்ல. நாட்சம்பளம், போக்குவரத்து, உணவு ஆகிய மூன்றையும் அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள், ஏனெனில் பெரும்பாலானோர் கூச்சத்தினால் கேட்க மாட்டார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஒப்புதலோடு இதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்குவது முறையான வழி.

இதையே தொழிலாகக் கொண்டு, பெருந்தொகை கேட்கும் பேச்சாளர்களும் இருக்கின்றனர். அவர்களில் திறமையானவர்கள் உண்டு என்றாலும், அந்தப் பணத்தில் உள்ளூர்க்காரர் மூவரை ஆண்டு முழுவதும் அழைக்கலாம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாங்களே லயத்தில் பிறந்து வந்தவர்கள். எங்களுக்கு எதற்குக் கஷ்டக் கதை?

இந்தக் கேள்வியை மதிப்போடு எதிர்கொள்ள வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், குப்பி விளக்கின் வெளிச்சத்தில் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) உட்கார்ந்து படித்த ஆசிரியருக்கு வறுமை எப்படி இருக்கும் என்று இன்னொருவர் விளக்குவது தேவையற்றது. அப்படியானவர்களை அதிகமாகக் கொண்ட பாடசாலையில் வறுமையை மையமாகக் கொண்ட பேச்சைத் தவிர்த்து, அவர்கள் அனுபவிக்காத இடரைக் கடந்தவரை அழையுங்கள். மாற்றுத்திறனோடு வாழ்பவர், தாய் வெளிநாட்டுப் பணிப்பெண்ணாகப் போயிருந்த ஆண்டுகளில் உறவினர் வீடுகளில் வளர்ந்தவர், சிறுவயதுத் திருமணத்திலிருந்து மீண்டு படிப்பைத் தொடர்ந்தவர் ஆகியோரின் அனுபவம் அவர்களுக்கும் புதிதாக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தானும் அதே லயத்திலிருந்து வந்தவர் என்பதாலேயே சில ஆசிரியர்கள், வர முடியாமற் போன பிள்ளையிடம் கூடுதலான கடுமை காட்டுவதைக் கண்டிருக்கிறேன். "எனக்கு முடிந்தது, உனக்கு ஏன் முடியவில்லை?" என்ற அந்தக் கேள்விக்குள் உண்மையான அக்கறை இருக்கிறது, பிள்ளையின் காதில் அது ஏச்சாகவே விழுகிறது. இத்தகைய ஆசிரியர்களை மேடையேற்றிப் பேசச் சொல்லுங்கள். தமக்கு உதவியவர்களைப் பெயர் சொல்லி நினைவுகூரத் தொடங்கும்போது அந்தக் கடுமை தானாகவே தளர்கிறது.

"விடாமுயற்சியால் வென்றேன்" என்று ஒருவர் பேசினால், வெல்லாதவர்கள் சோம்பேறிகள் என்று ஆகிவிடாதா?

ஆகிவிடும், கவனமாக இல்லாவிட்டால். மேடைக்கு வருபவர் வந்து சேர்ந்தவர். அவருக்குச் சமமாக உழைத்தும் வந்து சேராதவர்களை நாம் அழைப்பதில்லை. தரம் 5இல் தன்னோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள் இன்று எங்கே இருக்கின்றனர், அவர்களுக்கும் தனக்கும் இடையில் எது வித்தியாசமாக அமைந்தது என்று பேச்சாளரிடம் கேளுங்கள். முயற்சியைத் தவிர வேறு பலவும் அந்த விடையில் வெளிப்படும்: நகரத்தில் இருந்த மாமாவின் வீடு, உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைக்கு அருகில் இருந்த தோட்டம், அந்த வருடம் இடமாற்றம் பெறாமல் நின்ற கணித ஆசிரியர்.

வரலாற்றையும் இங்கே மறந்துவிடக் கூடாது. 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோது அதன் பயன் தோட்டப் பாடசாலைகளைச் சென்றடையவில்லை. அவை பெரும்பாலும் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே இருந்து, 1970களில்தான் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, அந்தப் பிரச்சினையை முடித்து வைக்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. இத்தனை தலைமுறைகள் மறுக்கப்பட்ட ஒன்றை ஒரு பிள்ளையின் தனிமனித உறுதி மட்டும் ஈடு செய்துவிடும் என்று பேசுவது உண்மைக்குப் புறம்பானது. பேச்சாளரை அறிமுகம் செய்பவர் இதை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டால், பேச்சு தனக்குரிய அளவோடு கேட்கப்படும்.

பேசும்போது அழுதுவிட்டால் என்ன செய்வது? கேட்பவர்களில் ஒருவர் கலங்கினால்?

அழுவது தவறன்று. பேச்சை நிறுத்திக்கொள்ளவும், சில பகுதிகளைச் சொல்லாமல் விடவும் அவருக்கு முழு உரிமை உண்டு என்பதை முன்கூட்டியே அவருக்குத் தெளிவுபடுத்துங்கள். தண்ணீர் கொடுத்து, அவகாசம் கொடுத்து, தொடர்வதா முடிப்பதா என்று மெதுவாகக் கேளுங்கள். "மிச்சத்தையும் சொல்லுங்கள்" என்று வற்புறுத்தாதீர்கள். நேர்ந்ததை விரிவாகச் சொல்லும்படி எவரையும் அழுத்தக் கூடாது என்பது உள முதலுதவியின் அடிப்படை விதி. இழப்பு நேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஒருவரை, அவரே விரும்பினாலும், மேடையேற்றாமல் இருப்பது நல்லது என்று நான் நினைக்கிறேன்.

கேட்பவர்களையும் நினையுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஏற்பட்ட மண்சரிவு போன்ற பேரிடரைப் பற்றி ஒருவர் பேசப்போகிறார் என்றால், உறவினரை அவ்வாறு இழந்தவர்கள் ஆசிரியர்களிடையே இருக்கலாம். பேச்சின் பொருளை முதல் நாளே அறிவித்து, விரும்பாதவர்கள் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ள இடம் கொடுங்கள். உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் அறையின் பின்புறம் இருக்கட்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டுங்கள்.

பேச்சாளர் தன்னை அடித்த, அவமானப்படுத்திய ஆசிரியரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறார். அனுமதிக்கலாமா?

அனுமதியுங்கள், பெயரும் பாடசாலையும் இல்லாமல். பெயர் வந்துவிட்டால் பேச்சு அந்த ஒரு மனிதரைப் பற்றியதாகச் சுருங்கி, கேட்பவர்கள் அவரைக் குற்றம் சாட்டுவதிலோ காப்பாற்றுவதிலோ இறங்கிவிடுவார்கள். அவரும் தன் தரப்பைச் சொல்ல அங்கே இருக்கமாட்டார். பெயர் இல்லாதபோது ஒவ்வொருவரும் தம்முடைய வகுப்பறையை நினைத்துப் பார்க்கின்றனர். கல்வி அமைச்சின் 12/2016 இலக்கச் சுற்றறிக்கை பாடசாலையில் உடல் தண்டனையைத் தடை செய்திருக்கிறது. ஆனாலும் பிரம்பைவிட நெடுநாள் நிற்பது சொல் என்பதையே இப்பேச்சாளர்கள் பெரும்பாலும் சொல்கின்றனர்: "தோட்டக்காட்டான்" என்ற ஒரு வசை, கட்டணம் கட்டாதவர்களை எழுந்து நிற்கச் சொன்ன ஒரு காலை நேரம்.

சில ஆசிரியர்கள் இதைத் தம்மீதான தாக்குதலாக எடுத்துக்கொள்ளக் கூடும். நான்காம் கேள்வியில் சொன்னவாறு, உதவிய ஆசிரியரைப் பற்றியும் பேச்சில் இடம்பெறச் செய்தால் அந்த மனத்தாங்கல் பெரும்பாலும் எழுவதில்லை.

பேச்சைக் காணொலியாக எடுத்து முகநூலில் போடலாமா? நல்ல விடயம்தானே, நாலு பேருக்குப் போய்ச் சேரட்டுமே?

பேச்சாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் கூடாது. சம்மதம் இருந்தாலும் என் ஆலோசனை, போடாதீர்கள் என்பதே. ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது குடித்த தகப்பனின் கதையையும், விட்டுப்போன தாயின் கதையையும், இன்றும் அதே லயத்தில் வாழும் தங்கையின் கதையையும் சேர்த்தே சொல்கிறார். அவர்கள் எவரும் சம்மதம் கொடுக்கவில்லை. தோட்டம் சிறியது, இரண்டு விவரம் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆசிரியர்களும் கமரா முன் மனம் திறந்து கேள்வி கேட்க மாட்டார்கள். நிகழ்ச்சியின் படம் ஒன்றும் இரண்டு வரிச் செய்தியும் போதுமானவை.

தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் தானும் கஷ்டப்பட்டு வந்தவர், பேச வருகிறேன் என்கிறார். மறுப்பது எப்படி?

அவருடைய வாழ்க்கை உண்மையாகவே இடர் மிகுந்ததாக இருக்கலாம். எனினும் பதவியில் இருப்பவரும் தேர்தலில் நிற்பவரும் பேசும் இடத்தில் ஆசிரியர்கள் கேட்பவர்களாக இல்லாமல் கூட்டமாக மாறிவிடுகின்றனர். வேலை நேரத்தில் பாடசாலைக்குள் கட்சி சார்ந்த எவரையும் அழைப்பதில்லை என்ற முடிவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் முன்பே எடுத்து எழுதி வைத்துக்கொண்டால், அதிபர் தனியாக மறுக்க வேண்டிய சங்கடம் வராது. சமயப் பிரசாரத்துக்கும் இது பொருந்தும்.

கேட்டோம், அழுதோம், கைதட்டினோம். திங்கட்கிழமை எல்லாம் பழையபடிதான். உண்மையிலேயே இதனால் பயன் உண்டா?

பேச்சோடு நிறுத்திவிட்டால் அதிகப் பயனில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவரின் அடைவைப் பாதிக்கிறது என்பதை ரொபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968இல் வெளியிட்ட ஆய்வு உலகுக்கு எடுத்துக்காட்டியது. பின்வந்த ஆய்வுகள் அந்தப் பாதிப்பு முதலில் எண்ணிய அளவுக்குப் பெரியதன்று என்று திருத்தின. எனவே மனம் மாறினாலே பிள்ளைகள் மாறிவிடுவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. நடைமுறை மாற வேண்டும்.

நான் பரிந்துரைப்பது இது: பேச்சு முடிந்த அதே அறையில், தேநீருக்குப்பின், ஆசிரியர்கள் தத்தம் வகுப்பின் வரவு இடாப்பைத் திறந்து, கடந்த மாதத்தில் ஐந்து நாளுக்கு மேல் வராத பிள்ளைகளைப் பார்க்கட்டும். ஏன் வரவில்லை என்பது தெரிந்த பிள்ளைகள் எத்தனை, தெரியாத பிள்ளைகள் எத்தனை என்று பிரியுங்கள். தெரியாத பிள்ளை ஒவ்வொருவரையும் விசாரிக்கும் பொறுப்பை ஓர் ஆசிரியர் ஏற்கட்டும். வகுப்பாசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அதே தோட்டத்தில் குடியிருப்பவராக இருந்தால் இன்னும் எளிது. வேலைக்கு அனுப்பப்பட்டிருப்பதாகவோ துன்புறுத்தப்படுவதாகவோ தெரியவந்தால், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து அதிபர் அந்தப் பட்டியலை மீண்டும் கையில் எடுக்க வேண்டும். எடுக்கும் பாடசாலைக்கும் எடுக்காத பாடசாலைக்கும் உள்ள வேறுபாடு, பேச்சாளர் எவ்வளவு நன்றாகப் பேசினார் என்பதைவிடப் பெரியது.

ஒரு முறை அழைத்தவரையே மறுபடி அழைக்கலாமா?

தாராளமாக அழைக்கலாம். ஆனால் அதே கதையைச் சொல்வதற்காக வேண்டாம். அதைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவருக்கும் சுமை. மேலே சொன்ன இடாப்புப் பட்டியலை மீளாய்வு செய்யும் நாளில் வந்து ஆசிரியர்களோடு உட்காரும்படி கேளுங்கள். ஒரு பிள்ளை ஏன் பேச மறுக்கிறது, ஒரு தாய் ஏன் பாடசாலைக்கு வரத் தயங்குகிறார் என்பதற்கு ஆசிரியர்களுக்குத் தோன்றாத காரணங்கள் அவருக்குத் தோன்றும். அன்றைக்கும் அவருடைய நாட்சம்பளத்தையும் பஸ் செலவையும் கொடுத்துவிடுங்கள்.